சுற்றுச்சூழல் வரலாறு + டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்: ஆய்வாளர்கள் சறுக்கும் இடங்கள்

மனிதரும் இயற்கையும் ஒன்றையொன்று மாற்றிய கதையை ஆராய்வது சுற்றுச்சூழல் வரலாறு; வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினிக் கருவிகளால் ஆராய்வது டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ். இந்த இரண்டு துறைகளையும் சேர்த்துச் செய்ய வருபவர்கள் பலர் முதலில் கட்டுவது ஓர் இணையதளம். நகரும் வரைபடம், வண்ணக் குறிகள் எல்லாம் இருக்கும். ஆய்வுக் கேள்விதான் இருக்காது. தளத்துக்கு ஆயுளும் குறைவு. அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளில் செய்த வரைபடங்கள், 2020 டிசம்பர் 31-உடன் அந்நிறுவனம் அதைக் கைகழுவியதும் உலாவிகளில் திறக்காமல் போயின. மிஞ்சுவது அடியிலுள்ள தரவு அட்டவணைதான்.

அந்த அட்டவணையில் அதிகம் கெடுவது தேதி. 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் அடுக்கினால் 1895-இன் மழைப்பதிவு 1905-க்குக் கீழே போய் உட்காரும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் எண்ணாக இடுங்கள். நான்காவதில் ஆவணத்தில் உள்ளபடியே தேதி, ஐந்தாவதில் எந்த நாட்காட்டி என்ற குறிப்பு. ஐந்தாவது வீண் வேலை அல்ல. இங்கிலாந்தில் 1752-இல் சீர்திருத்தம் வரும்வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அந்த வழக்கப்படி ‘1739 ஜனவரி’ என்று தேதியிட்ட கடிதம் நம் கணக்கில் 1740 ஜனவரி. அப்படியே ஏற்றினால், 1739–40-இன் கடுங்குளிர் ஓர் ஆண்டு முன்னதாக அடித்ததாகிவிடும்!

அளவுகளுக்கும் இதே கதி. பழைய ரேயோமூர் (Réaumur) வெப்பமானியில் தண்ணீர் கொதிப்பது 80 பாகையில். அதில் 20 என்றால் 25 செல்சியஸ். மாற்றிய எண்ணை வைத்துக்கொண்டு மூல எண்ணை அழித்துவிட்டால், பிழையைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் புவியிடப்படுத்தும்போது, அதாவது இன்றைய நிலப்பரப்போடு பொருத்தும்போது, 3 கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு (இரண்டிலும் ஒன்றே என்று குறிக்கும் இடங்கள்) நிறுத்துவது இன்னொரு தவறு. மிக எளிய பொருத்தும் கணக்கான முதல்படிப் பல்லுறுப்பு உருமாற்றத்துக்கு அவை போதும். பிழையும் சுழியம் என்றே காட்டும். சரிபார்க்க உபரிப் புள்ளி இல்லாததால் வந்த சுழியம் அது. 12 முதல் 15 புள்ளிகளை ஓரங்கள் வரை பரப்புங்கள். ஆனால் ஆற்று வளைவில் புள்ளியே வைக்காதீர்கள்: ஆறு இடம் மாறியதைத்தானே ஆராய வந்தோம், அதையே இன்றைய கரையோடு ஆணியடித்தால் மாற்றம் மறைந்துவிடும். கோட்டை மூலை, கோபுரம், கல்பாலம் நல்லவை. தீர்க்கரேகை எங்கிருந்து எண்ணப்பட்டது என்றும் பாருங்கள். பழைய பிரெஞ்சு வரைபடங்கள் பல சுழியமாகக் கொண்ட பாரிஸ் ரேகை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 2°20′; நிலநடுக்கோட்டில் அது ஏறக்குறைய 260 கிலோமீட்டர்.

எழுத்துணரி (பக்கப் படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள், OCR) படித்த செய்தித்தாள்களில் ஒரு சொல் அகப்படவில்லை என்றால், அது குறிக்கும் நிகழ்வே நடக்கவில்லை என்று பொருளல்ல. பழைய ஆங்கில அச்சின் நீண்ட ‘எஸ்’ஸை (ſ) மென்பொருள் ‘எஃப்’ (f) என்றே வாசித்திருக்கலாம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைய முகவரியை மட்டும் கொடுப்பதும் பலன் தராது. தேர்வுக் குழுவில் வரலாற்றாசிரியர்கள் கேட்பது வாதம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். தரவை சிஎஸ்வி (CSV) என்ற எளிய எழுத்து அட்டவணைக் கோப்பாக, விளக்கக் குறிப்போடு செனோடோ (Zenodo) போன்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றி, மாறாத அடையாள எண்ணான டிஓஐ (DOI) வாங்குங்கள். அதைத் தனிப் படைப்பாகவே பட்டியலில் காட்டலாம். நிரல் எழுதியவர், படியெடுத்தவர், வரைபடம் பொருத்தியவர் யார் யார் என்பதைத் திட்டம் தொடங்கும் வாரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. முடிந்தபின் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும்.