செலவைக் குறைக்கக் கிளம்பும் குடும்பம் எங்கே தவறுகிறது?

மாதக் கடைசியில் கையைக் கடிக்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் முதல் வெட்டு பாலில் விழுகிறது. ஒன்றரை லிட்டர் ஒரு லிட்டராகும். அடுத்து பழம், அப்புறம் நாளிதழ், அதற்கப்புறம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. இதெல்லாம் கண்ணெதிரே கையை விட்டுப் போகும் காசு. அதனால் உடனே நிறுத்தத் தோன்றுகிறது. 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துபோகும் பைக் தவணையையும் போன் தவணையையும் பெர்சனல் லோனையும் பற்றி மூச்சே இருக்காது. எப்படியும் போக வேண்டிய காசு என்று மனசு அதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. செலவைக் குறைக்கும் குடும்பங்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன் எழுதுங்கள். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் கணக்குப் போட்டு மற்றவருக்குச் சட்டம் போட்டால் அது பத்து நாள் கூட நிற்காது. தானாகக் கழிவது எவ்வளவு, அன்றாடம் போவது எவ்வளவு என்று பிரியுங்கள். எப்போதாவது பெரிதாக வரும் செலவுகளைத் தனியே எழுதுங்கள். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணிமணி, சொந்தத்தில் ஒரு கல்யாணம் எல்லாம் வருடா வருடம் வருபவைதான். ஆனாலும் வரும்போதெல்லாம் திடீர்ச் செலவு என்று சொல்லிக் கடன் வாங்குகிறோம். வருடத்துக்கு ஆகும் தொகையைக் கூட்டி 12ஆல் வகுத்து, அதை மாதச் செலவோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான பற்றாக்குறை எவ்வளவு என்று தெரியும்.

அம்மாவின் தட்டில் முடியும் சிக்கனம்

சமையலறையில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லும்போது, அந்தக் குறைவு யாருடைய தட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். முட்டை குறைந்தால் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வைத்துவிட்டு அம்மா வெறும் குழம்போடு சாப்பிட்டு எழுந்துவிடுவார். பால் குறைந்தால் அவருடைய காபி கடுங்காபி ஆகிவிடும். யாரும் சொல்லி அவர் செய்வதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் இருக்கும் வீட்டில் பருப்பையும் முட்டையையும் கீரையையும் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமே கிடையாது.

குறைக்க வேறு இடம் இருக்கிறது. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். கார்டு இருந்தும் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வாங்காமல் விடுகிற நடுத்தரக் குடும்பங்கள் எத்தனையோ. அதே வீட்டில் வாரம் இரண்டு முறை இரவுச் சாப்பாடு போனில் வரவழைக்கப்படும். உணவின் விலைக்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம் என்று தனித்தனியாக ஏறுவதைப் பில்லின் அடியில் போய்ப் பாருங்கள். அந்தச் சாப்பாடு பெரும்பாலும் ஆசைக்காக வருவதில்லை. வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு இன்னொரு முறை அடுப்படியில் நிற்க உடம்பில் தெம்பு இல்லாததால் வருகிறது. ஃபிரிட்ஜில் மாவு இருந்து, சட்னி அரைக்க இன்னொருவர் எழுந்தால் அந்தச் செலவு தானாகக் குறையும். வீட்டு வேலையைப் பங்கு போடாமல் இந்தச் செலவை நிறுத்தச் சொன்னால் அந்தச் சுமையும் அவர் தலையில்தான் விழும்.

மருந்தும் காப்பீடும்

சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் பெரியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம். இது ஆபத்தான சேமிப்பு. மாத்திரையை விடாமலே அதன் விலையைக் குறைக்க வழி உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலக்கூறு கொண்ட ஜெனரிக் மருந்துகள் கம்பெனி மருந்தைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் இப்படித்தான். ‘போன வருஷம் ஆஸ்பத்திரிக்கே போகலையே, எதுக்குக் கட்டணும்’ என்று ஒரு வருடம் விட்டுவிடுகிறார்கள். பிரீமியம் கட்டத் தரும் சலுகை நாட்களும் கடந்து பாலிசி காலாவதியானால், முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அடுத்த பாலிசியில் முதலிலிருந்து தொடங்கும். அது மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம். இரண்டு வருடம் கட்டிக் கடந்து வந்த காலமெல்லாம் வீணாகிவிடும். தனிநபர் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியையும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கிவிட்டார்கள். இப்போது போய் விடுவது சரியே இல்லை.

கரண்ட் பில்

டிவியின் சுவிட்சை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பெரிய லாபம் இல்லை. நம் மின்கட்டணத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் லாபம் உண்டு. 2022 செப்டம்பரில் மாற்றியமைத்த கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுகிறது. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை போய்விடுவதால் இப்படி ஆகிறது. அதன் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது. உங்கள் பில்லில் இப்போதைய படிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை அட்டையில் கணக்கெடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியை எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். அதோடு பழைய சீலிங் ஃபேன்களையும் கவனியுங்கள். 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் ஆகும். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேனுக்கு 27 யூனிட்தான். செலவைக் குறைக்கிறோம் என்று புது ஃபேன் வாங்குவதைத் தள்ளிப்போடும் வீடுகள் அந்தக் காசை பில்லில் கட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கையில் சேமிப்பு, மறு கையில் கடன்

மாதம் 2,000 ரூபாய் ஆர்டி, அதாவது மாதா மாதம் போடும் தொடர் வைப்பு, கட்டுவார்கள். அதே சமயம் கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய் பாக்கி நிற்கும், குறைந்தபட்சத் தொகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 700 ரூபாய் வட்டிக்கே போகிறது. எந்த ஆர்டியும் அந்த வேகத்தில் தராது. முதலில் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். கையில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்தாவது அடைக்கலாம், அந்த வட்டி கார்டு வட்டியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆனால் அடைத்த கார்டை மறுபடி தேய்க்காமல் இருக்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்று விற்பதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வங்கி வட்டி போடும், கடை அதே அளவுக்கு விலையைக் குறைக்கும். அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் பல சமயம் கிடைக்காது.

பழைய நகையைக் கொடுத்துப் புது டிசைன் மாற்றுவதைச் செலவாகவே பலர் எண்ணுவதில்லை, ‘தங்கம் தங்கமாத்தானே இருக்கு’ என்பார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சேதாரமும் செய்கூலியும் வரியும் போகின்றன.

மொய்யில் கை வைப்பது

ஆடம்பரம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சறுக்கும் இடம் இது. விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்து, மொய்யையும் குறைத்துவிடுவார்கள். ஆனால் நம் ஊர்ப்பக்கம் மொய் என்பது பாதிக்குப் பாதி திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் இது வெளிப்படையாகவே தெரியும். பொதுவாக ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விருந்து வைத்து மொய் வாங்கும். வாங்கியதை, அவரவர் முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்துக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இதே கணக்குதான். உங்களுக்கு 2,000 எழுதியவர் வீட்டுக்கு 500 எழுதிவிட்டு வந்தால் அதைச் சிக்கனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உறவும் போய்விடும்.

மொய் நோட்டை எடுத்து வைத்து, இந்த வருடம் யார் யார் வீட்டில் விசேஷம் வரப்போகிறது, அவர்கள் நமக்கு எழுதியது எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதைக் கடன் பட்டியலோடு சேர்த்துவிடுங்கள். நம் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை வருமானமாக நினைத்து வண்டி வாங்கிவிடுவது இதைவிடப் பெரிய தவறு.

விசேஷச் செலவில் குறைக்க வேண்டியது நாம் நடத்தும் பக்கத்தில் இருக்கிறது. ‘மொய் வந்தா அடைச்சிடலாம்’ என்று வட்டிக்கு வாங்கி மண்டபம் பிடிக்க வேண்டாம். தெருமுனை பிளக்ஸ், டிரோன் வீடியோ, இலையில் தொடாமலே மூடப்படும் நாலாவது இனிப்பு, பிறந்தநாளுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் என்று நீளும் பட்டியலில் பாதியை எடுத்துவிட்டாலும் வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போவார்கள். புதிதாக மொய் எழுதும் இடங்களில் உங்களால் திரும்பத் திரும்பத் தாங்கக்கூடிய தொகையில் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்து மாதம் 3,000 ரூபாய் மிச்சமானால், அதைச் செலவுக்கணக்கிலேயே விட்டு வைக்காதீர்கள். அடுத்த தள்ளுபடி விற்பனையில் அது போய்விடும். கார்டு பாக்கி தீரும் வரை சம்பளம் வந்த மறுநாளே அதில் கட்டுங்கள். தீர்ந்ததும் அதே தொகையை அதே தேதியில் அஞ்சலக ஆர்டிக்கு மாற்றுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் திறக்க முடியும்.