கேப்சூல் எண்டோஸ்கோபி: ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பலாமா?

மேலிருந்தும் கீழிருந்தும் எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று, ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் கேமரா வைத்த கேப்சூலை விழுங்கச் சொல்வார்கள். சுமார் 26 மில்லிமீட்டர் நீளமுள்ள அது, சாதாரண எண்டோஸ்கோபிக் குழாய் எட்டாத சிறுகுடலைப் படம்பிடித்தபடி நகரும்.

“கொஞ்சம் உடம்பு தேறட்டும்” என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. ஆஞ்சியோடிஸ்பிளாசியா என்ற விரிந்த ரத்தநாளங்கள் விட்டுவிட்டுத்தான் கசியும். கசிவு நின்றபின் தேடினால் பல நேரம் சிக்காது. மலத்தில் ரத்தம் போனால், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் பார்ப்பதே நல்லது என்கிறது 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் குடலில் கறுப்பு படிந்து படம் கெடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்துவிட்டது. நிம்மதியா? இல்லை. சிறுகுடலின் முதல் பகுதியைக் கேப்சூல் விறுவிறுவென்று கடந்துவிடும். நாம் நினைத்த பக்கம் அதைத் திருப்பவும் முடியாது. ரத்தசோகை தொடர்ந்தால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். நேர்மாறான தவறும் உண்டு: கண்ணில் பட்ட சின்னச் சிவப்புப் புள்ளி மேலெல்லாம் பழி போடுவது.

என்னைக் கேட்டால், குடலை மட்டுமே பார்ப்பதுதான் இதில் அதிகம் கண்டுகொள்ளாத தவறு. தோலில் அழுத்தினால் அமுங்கும் நீலக் கொப்புளங்கள் இருந்தால் அது தோலிலும் குடலிலும் ரத்தநாளங்கள் புடைத்துக் கிடக்கும் புளூ ரப்பர் பிளெப் நீவஸ் நோயாக இருக்கலாம். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது, அப்பாவுக்கும் அப்படித்தான் என்றால் பரம்பரை ரத்தநாள நோயை நினைக்க வேண்டும். ஹெய்ட் நோயிலோ மூலக்காரணம் இதயத்தில் இருக்கிறது. சுருங்கிய அயோர்ட்டிக் வால்வு வழியாகப் பாயும்போது, ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதம் சிதைந்துவிடுகிறது. வால்வை மாற்றினால் பலருக்குக் குடல் கசிவும் நின்றுவிடும்!

நோய் தெரிந்த பிறகு ஆண்டுதோறும் கேப்சூல் விழுங்குவதைவிட, ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒழுங்காகப் பார்த்துவருவது மேல். கேப்சூல் வைத்தியம் செய்யாது. நாளத்தைச் சுட்டு அடைக்க, பலூன் உதவியோடு சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் குழாயான பலூன் என்டரோஸ்கோபிதான் வேண்டும்.

அப்புறம், குடலில் அடைப்போ பழைய அறுவையோ இருந்தால், வலி மாத்திரை நெடுநாள் சாப்பிட்டிருந்தால், முன்பே சொல்லிவிடுங்கள். கேப்சூல் வழியில் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், முதலில் தானே கரையும் போலிக் கேப்சூலைக் கொடுத்துப் பாதை சோதிப்பார்கள். கேப்சூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டாம், சந்தேகமிருந்தால் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம்.