சிக்னலில் நிற்கும்போதும் போன் வேண்டாம்

சிவப்பு விளக்குதானே என்று குரல் கட்டளையில் ஒரு மெசேஜ் அனுப்புகிறீர்களா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கை ஸ்டியரிங்கில், கண் சாலையில் இருந்தாலும், குரல் கட்டளை முடிந்தபின் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாமாம்! மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 300 மீட்டர் ஓடிவிடும். நடுவில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால்?

அதனால் மேப், பாட்டு எல்லாவற்றையும் சாவி போடும் முன்பே சரிசெய்துவிடுங்கள். போனை சைலன்ட்டில் போட்டுப் பின்சீட்டுப் பையில் வையுங்கள். கைக்கெட்டினால் எடுக்கத்தான் தோன்றும். அவசர அழைப்பா? ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். பேசி முடித்ததும் உடனே கிளப்பாமல் அரை நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.