நாலு மீட்டர் செடான்: புதுசா, செகண்ட் ஹேண்டா? நாங்கள் பார்த்து வாங்கிய முறை

போன வருடம் மதுரைச் சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் நான் ஒரு 2019 மாருதி டிசையர் பெட்ரோல் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதே தீபாவளிக்கு என் மச்சான் புது டிசையர் எடுத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பதினோரு பழைய வண்டிகளைப் பார்த்தோம், நாலு ஷோரூம் ஏறி இறங்கினோம். அலைந்து கற்றதை முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஏன் செடான் என்று கேட்டால், டிக்கிதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்கு மாதம் இரண்டு தடவை போய் வருவோம். திரும்பி வரும்போது அரிசி மூட்டை, தேங்காய், மாமியார் கொடுத்துவிடும் சாமான் எல்லாம் ஏற வேண்டும். 2017 முதல் வந்த டிசையரில் டிக்கி 378 லிட்டர், 2024 நவம்பரில் வந்த புது மாடலில் 382. 2018-இல் வந்த ஹோண்டா அமேஸில் 420. டிக்கிக்காகவே செடான் வாங்குகிறவர்கள் சிஎன்ஜி எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். டிக்கியில் ஒற்றை கேஸ் சிலிண்டர் வைத்த வண்டியில் இரண்டு பைகளுக்கு மேல் வைக்க முடியாது. டாடா டிகோரில் 2023 முதல் இரட்டைச் சிலிண்டரைத் தரையோடு பதித்திருக்கிறார்கள், அதில் பரவாயில்லை.

படி 1: முதலில் புது வண்டியின் இன்றைய விலை

பழைய வண்டி வாங்குவதென்று முடிவே செய்திருந்தாலும் ஷோரூமுக்குப் போய் ஆன்ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தது) தாளில் எழுதி வாங்குங்கள். காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி வரி (செஸ் சேர்த்து) 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. முன்பு ஷோரூம் விலை 7 லட்சமாக இருந்த வண்டி, வரிக் கணக்குப்படி மட்டும் பார்த்தாலே 6 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் வந்துவிடும். ஆனால் பழைய வண்டி விற்பவர்கள் பலர் இன்னும் தாங்கள் வாங்கிய பில்லைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். "புதுசு ஒம்பதாச்சு சார், நான் ஆறரைக்குத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னார். அவர் அன்று கொடுத்த விலை எதுவாக இருந்தாலும், நாம் ஒப்பிட வேண்டியது இன்றைய விலையோடு.

தமிழ்நாட்டில் புது வண்டிக்கு ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. டாப் வேரியன்ட் பார்ப்பவர்கள் அந்த 10 லட்சக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு இந்த வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அது ஒரு லாபம்.

பழைய வண்டியின் விலைக்குக் கீழே இன்னொரு கணக்கும் எழுதுங்கள்: முதல் நாலு மாதச் செலவு. நான் 5,10,000-க்கு வாங்கினேன். அதன் பிறகு நாலு டயர் 19,000, பேட்டரி 5,000, முன்பக்க சஸ்பென்ஷனில் லிங்க் ராடும் புஷ்ஷும் 8,000, ஏசி உட்பட முழு சர்வீஸ் 9,000. ஆக 41,000. இதையும் சேர்த்ததுதான் என் வண்டியின் விலை.

படி 2: வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். மதுரை என்றால் TN-க்குப் பின் 58, 59, 64. பக்கத்து 57 திண்டுக்கல், 60 தேனி, 67 விருதுநகர். வெளி மாவட்ட எண் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஏன் இங்கே விற்பனைக்கு வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

கடன் போட்டு வாங்கிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும். "லோன் எல்லாம் முடிஞ்சிருச்சு சார்" என்ற வாய்வார்த்தை போதாது. பேங்க்கின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வர வேண்டும். அந்த என்.ஓ.சி.யில் தேதியைப் பாருங்கள், பழசாகிப் போயிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். விற்பவர் இவற்றில் கையெழுத்துப் போடாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

டிசையர் மாதிரி வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டாக்ஸியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாற்றியவை நிறைய. மாற்றுவது சட்டப்படி சரிதான், விலைதான் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். நம்பர் பிளேட் இடுக்கில் மஞ்சள் பெயிண்ட் தெரியலாம். ரிங் ரோட்டில் போகும்போது 80-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் உள்ளே இருக்கிறது.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் பார்த்து நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரையே கூட்டிப்போய் சர்வீஸ் வரலாறு கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பதிந்த கிலோமீட்டர் வரிசையாக ஏற வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் 2022-இல் 71,000, இப்போது மீட்டரில் 48,000. அங்கேயே திரும்பிவிட்டோம்.

படி 3: பகல் வெளிச்சத்தில், வண்டி குளிர்ந்திருக்கும்போது

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிராதீங்கண்ணே" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினில்தான் முதல் ஸ்டார்ட் சிரமம், தட்டும் சத்தம், நீலப் புகை எல்லாம் வெளியே வரும்.

கையில் மூன்று பொருள் போதும்: நல்ல டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் கருவி). செயலி வைத்து 150 பாயிண்ட் பார்க்கிறோம் என்று வருகிறவர்களைவிட டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்கைத்தான் நான் நம்புவேன். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்படியும் ஒட்டாது. பானெட்டைத் திறந்து ஏப்ரன் (இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் உள் தகடு), கிராஸ் மெம்பர் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) பகுதிகளில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கதவில் டிங்கரிங் பார்த்திருந்தால் பரவாயில்லை, மதுரையில் கதவு கீறாத வண்டி ஏது? ஏப்ரனில் கை வைத்திருந்தால் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நாலு டயரும் ஸ்டெப்னியும் வண்டி வயதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். 30,000 ஓடியதென்று சொல்லி இரண்டாம் செட் டயர் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்கேனரைப் பற்றி ஒரு விஷயம். பிழை எதுவும் இல்லை என்று காட்டுவதால் நிம்மதி அடைய வேண்டாம், விற்பவர் நேற்று அழித்திருக்கலாம். பல வண்டிகளில் பிழைகளை அழித்த பிறகு ஓடிய தூரமும் தெரியும். அங்கே 12 கிலோமீட்டர் என்று வந்தால், ஏன் அழித்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேட்டரி மாற்றினாலும் இது பூஜ்யமாகலாம், அதனால் பேட்டரி பில்லையும் கேளுங்கள்.

அடுத்து, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எவ்வளவு வண்டிகள் முங்கின என்று நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி முங்கிய வண்டிகளைக் கழுவி, சீட் மாற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பது நடக்கிறது. நாங்கள் பார்த்த ஒரு வெள்ளை வண்டி மேலுக்குப் பளபளவென்று இருந்தது. நான் அட்வான்ஸ் கொடுக்கவே பைக்குள் கையை விட்டுவிட்டேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன், "இருங்கண்ணே" என்று சொல்லி முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு. "தண்ணி இம்புட்டு உயரம் நின்னுருக்குண்ணே. பெல்ட்ட யாரும் முழுசா இழுத்துக் கழுவ மாட்டாக" என்றார். பிறகு ஸ்டெப்னியைத் தூக்கினார், பள்ளத்தின் மூலையில் துரு. சீட் தண்டவாள போல்ட்டிலும் துரு. டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டர்கள் பச்சை பூத்திருந்தன. இன்ஜின் ஓடும். ஆனால் ஆறு மாதம் கழித்து வயரிங் ஒவ்வொன்றாக உயிரை விடும், ஏர்பேக் வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 4: ஓட்டம்

சாயந்திரம் போகாதீர்கள். பிற்பகல் 2 மணிக்கு, ஏசியைப் போட்டு, சிம்மக்கல் நெரிசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். மதுரை வெயிலில் நின்றபடி குளிராத ஏசி எந்த மாதத்திலும் உதவாது. வெப்ப முள் ஏறுகிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று ஒரு கண் வையுங்கள். அப்புறம் பாண்டி கோயிலிலிருந்து மண்டேலா நகர் வரை ரிங் ரோடு: ஸ்டீரிங்கைத் தளர்வாகப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் நடுங்குகிறதா. வேகத்தடையில் 20-இல் ஏறி இறங்கினால் முன்பக்கம் "டக் டக்" என்றால் என் 8,000 ரூபாய்ச் செலவு உங்களுக்கும் இருக்கிறது.

முடிந்தால் தேனி ரோட்டில் ஆண்டிபட்டி கணவாய் வரை போங்கள். நாலு பேர் உட்கார்ந்து, ஏசி ஓட, அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஏஜிஎஸ் (கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோ கியர்) வண்டியென்றால் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் பழைய வண்டியில் கை கியர்தான் நல்லது.

டீசல் ஆசை இருப்பவர்களுக்கு: மாருதியின் 1.3 டீசல் 2020-இல் நின்றுவிட்டது, ஆகவே கிடைப்பதெல்லாம் அதற்கு முந்தியவை. மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

படி 5: புதுசு எடுப்பவருக்கு

பதிவு செய்வதற்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று புக்கிங் போடும்போதே சொல்லிவிடுங்கள். நம்பர் ஏறிய பிறகு குறை சொன்னால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். படிவம் 22-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஜனவரியில் வாங்கிவிட்டுப் போன வருட வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இன்சூரன்ஸை வெளியே விலை கேட்டு எடுக்கலாம், ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மச்சானுக்கு வெளியே 9,000 குறைந்தது. சீட் கவர், மேட் எல்லாம் சேர்ந்த பேக்கேஜும் கட்டாயமில்லை.

அம்மாவை ஏற்றிப் போகிற வண்டி என்பதால் பாதுகாப்பை நான் விலையோடு சேர்த்தே பார்க்கிறேன். 2024 டிசையருக்கு குளோபல் என்சாப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம், ஆறு ஏர்பேக்குகள் எல்லா வேரியன்டிலும். என் 2019 வண்டியில் இரண்டுதான். இப்போது மறுபடி வாங்கினால், 2 லட்சம் வித்தியாசத்துக்குள் புதுசு கிடைத்தால் புதுசுதான் எடுப்பேன்.

படி 6: இன்சூரன்ஸ் பெயர் மாற்றம்

இதில்தான் நான் அடிபட்டேன். ஆர்.சி. மூன்று வாரத்தில் என் பெயருக்கு வந்துவிட்டது. பாலிசி இன்னும் ஏழு மாதம் பாக்கி. வண்டிதானே இன்சூர் ஆகியிருக்கிறது, வண்டி என்னுடையது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் மாட்டுத்தாவணியில் நிறுத்தியிருந்தபோது லோடு வேன் ஒன்று பின்னால் வந்து இடது கதவை அமுக்கிவிட்டுப் போய்விட்டது. கிளெய்ம் போட்டேன். வந்த சர்வேயர் கேட்ட முதல் கேள்வி: "பாலிசி யார் பேர்ல சார் இருக்கு?" பழைய ஓனர் பெயர். கிளெய்ம் தள்ளுபடி. 23,000 ரூபாய் நானே கட்டினேன்.

விஷயம் இதுதான். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகத் தொடரும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தொடராது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியில் நம் பெயரை ஏற்ற வேண்டும். அதற்கு ஆர்.சி. வரும் வரை காத்திருக்க வேண்டாம், 29, 30 படிவ நகல்களோடு அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று: நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. முன் ஓனர் 50 சதவீதத் தள்ளுபடியில் எடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டி வரும். அந்தத் தொகை எவ்வளவு என்று பேரம் பேசும் முன்பே கேட்டு, படி 1-இல் எழுதிய தாளில் சேர்த்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த இரண்டு பேர் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றிக் கேட்டார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் அதற்கேற்ப வந்தவை. அதற்கு முந்தியதில் மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் குழாய், ரப்பர் சீல்களில் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கப்பலூர் டோலில் மாட்டிக்கொண்ட ஒருவர் எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான். பழைய ஓனர் தன் டேக்கை மூடாதவரை உங்களால் புதிது எடுக்க முடியாது. சாவி வாங்கும்போதே அவர் போனில் அதை மூடச் சொல்லி, மூடியதாக வரும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.