பாராட்டைத் தட்டிவிடும் பழக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருந்துக்கு வந்தவர் "வத்தக்குழம்பு பிரமாதம்" என்று சொல்லி முடிப்பதற்குள், "இன்னைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சமைத்தவர் பதில் சொல்லிவிடுகிறார். புடவை அழகாக இருக்கிறது என்றால், அது ஆடித் தள்ளுபடியில் வாங்கியது என்ற தகவல் உடனே வருகிறது. இதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், ரசித்துச் சாப்பிட்டவருக்குத் தம் ருசியே தவறென்று திருத்தப்பட்டதைப் போலத் தோன்றும். அடுத்த முறை அவர் சொல்லத் தயங்குவார்.

தற்புகழ்ச்சியையும் பிறர் தரும் பாராட்டை ஏற்பதையும் ஒன்றாகக் கருதுவதே இந்தத் தவறின் வேர். "தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்று சொல்லும் நன்னூல், அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி பழிக்கும்போதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் அளிக்கிறது. அங்கே பேசப்படுவது தன் வாயால் தன்னை உயர்த்திச் சொல்வது பற்றித்தான்; பிறர் மனமுவந்து சொல்வதை மறுக்கும்படி அந்த நூற்பாக்கள் கேட்கவில்லை. இந்தத் திணறல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்த அனிதா பொமரான்ட்ஸ், சொன்னவரோடு உடன்படவும் வேண்டும், தன்னைப் புகழ்ந்துகொள்ளவும் கூடாது என்ற இரண்டு நெருக்கடிகளுக்கு நடுவே பாராட்டப்படுபவர் சிக்கிக்கொள்வதை 1978-இல் எடுத்துக்காட்டினார்.

வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும் "நன்றி" என்பது சற்று விலக்கி வைப்பதைப் போல ஒலிப்பதால், பலர் அதைச் சொல்லக் கூசி, அதற்குப் பதிலாகக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். "நீங்க சொன்னது ரொம்ப சந்தோஷம்" என்ற சொற்கள் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அலுவலகத்தில் நேரும் தவறு வேறு வகையானது. அறிக்கை நன்றாக வந்திருக்கிறது என்று மேலதிகாரி சொல்லும்போது, "நான் ஒண்ணுமே செய்யல சார்" என்பது உண்மையும் அன்று, உடன் உழைத்தவருக்குப் பயன்படுவதும் அன்று. கணக்குகளைச் சரிபார்த்தவர் யார் என்று பெயரைச் சொல்லிவிட்டு, தாம் செய்த பகுதிக்கான பாராட்டை ஏற்பதே நேர்மை. கேட்ட மாத்திரத்தில் பதிலுக்குப் புகழ்வதும், "நிஜமாவா?" என்று மீண்டும் சொல்ல வைப்பதும் தவிர்க்க வேண்டியவையே.

என் கருத்தில், இவை எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பது, பிள்ளைக்கு வந்த பாராட்டைப் பெற்றோர் தட்டிவிடுவதுதான். "உங்க பொண்ணு எவ்வளவு நல்லா பாடறா!" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லும்போது, "பாட்டு சரி, கணக்குதான் மண்டையில ஏற மாட்டேங்குது" என்று தாய் சொல்கிறார். அருகில் நிற்கும் சிறுமிக்கு அது அவையடக்கமாகக் கேட்பதில்லை. தன் தாய் தன்னைப் பற்றி ஊராரிடம் வெளியிட்ட கணிப்பாகவே கேட்கிறது. தன் உழைப்பு வீட்டில் மதிக்கப்படவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டால், பின்னர் தனியாக எத்தனை முறை கொஞ்சினாலும் அதை மாற்றுவது எளிதன்று. "ஆமாங்க, தினமும் காலையில எழுந்து சாதகம் பண்றா" என்று தாய் சொல்லியிருந்தால், பாராட்டியவருக்கும் மறுமொழி கிடைத்திருக்கும், மகளின் உழைப்பும் அவள் முன்னாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். கண் பட்டுவிடுமோ என்ற அச்சத்தால்தான் பல தாய்மார்கள் குறையைச் சொல்லி மறைக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அந்த அச்சம் அன்பிலிருந்து வருவது என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கவலைக்கு, இரவு வீட்டில் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.