தீம் பார்க்குக்குள் பிராண்டு காபிக் கடை: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எட்டு மணிக்கு வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோடு சாலையோரத்தில் நின்றால், திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வரும் வேன்கள் மலம்புழைப் பக்கம் விரைவதையும், பாலக்காட்டு வண்டிகள் எதிர்த்திசையில் கோவையைச் சுற்றியுள்ள நீர்ப் பூங்காக்களுக்குப் போவதையும் பார்க்கலாம். தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பூங்காக்களுக்கு வருவோர் ஏறக்குறைய ஒரே மக்கள்தான். கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, ஒரு பூங்காவின் உணவுக் கவுண்டர்களுடைய குத்தகைக் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், பூங்கா நடத்துவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, எந்தக் காபி பிராண்டை உள்ளே கொண்டுவரலாம் என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய தொடர் கடைகள் நகரத்துத் தெருவில் சாவகாசமாக உட்கார வருபவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. பூங்காவுக்கு வருபவரோ வாசலில் பணம் கட்டி ஒரு பகல் பொழுதை விலைக்கு வாங்கியவர், வரிசையில் அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பகலிலிருந்தே கழிகிறது. இதை மறந்து போடப்படும் ஒப்பந்தத்தில் பெரும்பாலான தவறுகள் முதல் நாளே உள்ளே வந்துவிடுகின்றன.

இடத்தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம். பிராண்டு நிறுவனம் பெரும்பாலும் நுழைவாயிலையே கேட்கும். பலகை கண்ணில் படும், படம் எடுப்பவர்கள் அதையும் சேர்த்து எடுப்பார்கள் என்பது அதன் கணக்கு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களை உதாரணம் காட்டுவதும் வழக்கம். 2012இல் கலிபோர்னியாவில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் தன் அமெரிக்கப் பூங்காக்களுக்குள் டிஸ்னி ஸ்டார்பக்ஸைக் கொண்டுவந்தபோது, புளோரிடாவின் மேஜிக் கிங்டமில் வாசலையொட்டிய மெயின் ஸ்ட்ரீட் பேக்கரியைத்தான் 2013இல் அதற்குக் கொடுத்தது. ஆனால் அங்கே காலையில் காபிக் கோப்பையைக் கையில் ஏந்தியபடியே நடப்பது ஊர்ப்பழக்கம். நம் ஊர்க் குடும்பம் வீட்டில் ஒரு காபி, வழியில் இட்லியோடு இன்னொரு காபி என்று முடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து சேர்கிறது. சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் பிள்ளைகள் முதல் ரைடை நோக்கி ஓட, பெரியவர்கள் பின்னால் ஓடுகிறார்கள். காலை பத்து மணிக்கு அந்த வாசல் கடையில் ஆள் இருப்பதில்லை. காபிக்கான இடம், பெரிய ரைடுகளின் அருகே பைகளைக் காத்துக்கொண்டு தாத்தா பாட்டிகள் உட்காரும் நிழலும், செயற்கை அலை எழும் குளமான வேவ் பூலிலிருந்து வெளியேறும் வழியும்தான்.

அதே உதாரணத்தில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் பகுதி வேறு. அந்த பேக்கரியின் பெயரும் பழைய தோற்றமும் கலைக்கப்படவில்லை. கவுண்டரில் நிற்பவர்கள் பூங்காவின் ஊழியர்கள், அவர்கள் அணிவதும் பூங்காவின் உடை. பிராண்டிடமிருந்து வாங்கியது உரிமமும் பானங்களும் மட்டுமே. அப்படியிருந்தும் பழைய பேக்கரியை இழந்ததாக ரசிகர்கள் பலர் வருந்தினார்கள் என்பது தனிக்கதை. உரிமம் பெற்று நாமே நடத்துவதா, இடத்தைக் குத்தகைக்கு விட்டு ஒதுங்கிக்கொள்வதா என்ற முடிவை எடுக்காமலே பேச்சைத் தொடங்குவது, பூங்காவின் நடுவில் ஒரு ஷாப்பிங் மால் துண்டு முளைக்கவே வழி செய்கிறது.

அந்தத் துண்டு எப்படியிருக்கும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒரு கடை போதும். கண்ணாடிக் கதவு, துணி போர்த்திய சோபா, குளிரூட்டி. இருபது அடி தள்ளி வேவ் பூல். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவர்கள் கதவைத் திறந்ததும் நடுங்கினார்கள். துணிந்து உட்கார்ந்தவர்களால் இரண்டே வாரத்தில் சோபாவில் பூஞ்சை வாடை ஏறியது. அதைவிடப் பெரிய சிக்கல் பணம். நீர்ப் பூங்காவில் செல்பேசியும் பணப்பையும் லாக்கரில் இருக்கும். கையில் இருப்பது பூங்கா கொடுத்த கைப்பட்டையோ, முன்பணம் ஏற்றிய அட்டையோதான். அந்தக் கடையின் பில்லிங் மென்பொருள் எங்கோ உள்ள தலைமை அலுவலகத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், பூங்காவின் அட்டையை அதனால் ஏற்க முடியவில்லை. காபி குடிக்க விரும்பியவர் லாக்கர் வரை நடந்து திரும்ப வேண்டியிருந்தது, பலர் திரும்பவில்லை. இரண்டு மென்பொருள்களும் பேசிக்கொள்ளுமா, மாதக் கடைசியில் யார் யாருக்குக் கணக்குத் தீர்ப்பது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

வரிசையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்பிரெசோ எந்திரத்தில் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் ஒரு ஷாட் இறங்கவே 25 முதல் 30 விநாடி ஆகிறது. பாலை நீராவியில் நுரைக்க வைத்து, ஊற்றி, மூடி போட்டுக் கொடுக்க ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கு 40 கோப்பை, இருவர் 80 கோப்பை. தெருக்கடைக்கு இது தாராளம். பூங்காவில் வியாபாரம் நாள் முழுவதும் சீராகப் பரவுவதில்லை; மாலை நான்கு மணிக்கு மேல் வேவ் பூலிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கரையேறி, உடை மாற்றி, ஏதாவது சூடாகக் கிடைக்குமா என்று தேடும் ஒரு மணி நேரத்தில்தான் முக்கால்வாசி கூட்டம் வருகிறது. அன்று 3,000 பேர் வந்திருந்து, பத்தில் ஒருவர் காபி கேட்டாலே 300 கோப்பை ஆகிவிடும். 80 கோப்பை கொடுக்கும் கவுண்டருக்கு அது கிட்டத்தட்ட நான்கு மணி நேர வேலை. பேருந்துகள் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.

இதற்கு இன்னொரு எந்திரம் வாங்குவதைத் தீர்வாகச் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பது அண்டா. மூன்றரை மணிக்கே இறக்கி வைத்த நான்கு லிட்டர் டிகாக்‌ஷன், கோப்பைக்கு 40 மில்லி என்று கணக்கிட்டால் 100 கோப்பைக்குப் போதும். பக்கத்தில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே பால் நின்றால், பழகிய கை ஒரு கோப்பையைக் கால் நிமிடத்தில் நீட்டிவிடும். கப்புச்சினோ வேண்டுவோருக்கு எந்திர ஜன்னல், ஃபில்டர் காபிக்கும் பால் சேர்க்காத கட்டன் காபிக்கும் தனி ஜன்னல் என்று இரண்டாகப் பிரித்தால் இரண்டு வரிசையும் நகரும். பிராண்டு நிறுவனங்கள் முதலில் இதை மறுக்கும், தங்கள் பானப் பட்டியல் நாடு முழுவதும் ஒன்றுதான் என்று சொல்லும். ஆனால் ஒரு தொடர் நிறுவனம் இடத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி கேரளத்திலேயே இருக்கிறது. தொழிலாளர் கூட்டுறவாக நடக்கும் இந்தியன் காபி ஹவுஸ், திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் வடிவக் கட்டடத்தில் இயங்குகிறது. தரை சரிந்தபடி ஏறிக்கொண்டே போகும் அந்த இடத்திலும் அதே வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்த பணியாளர்தான் காபி கொண்டுவருகிறார்.

அடுத்தது ஒப்பந்தத்தின் உள்ளே சிறு எழுத்தில் வரும் தனியுரிமை விதி. பூங்காவுக்குள் வேறு யாரும் காபியோ தேநீரோ விற்கக் கூடாது என்று நிறுவனம் கேட்கும். கட்டடச் செலவை அவர்களே ஏற்பதால் நிர்வாகமும் தலையாட்டிவிடும். இதைவிடத் தீங்கான தவறு வேறில்லை என்பது என் கருத்து. ஒரு மாலையில் பல்லடம் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் ஆங்கிலப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏனுங் கண்ணு, இதுல நம்ம காபி எதுங்க?” என்று கேட்டார். “எல்லாமே காபிதாங்கம்மா” என்றான் கவுண்டரில் இருந்த பையன். இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கப்புச்சினோவை ஒரு வாய் குடித்தவர், “சக்கரை போட மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க” என்று கோப்பையைத் திருப்பி நீட்டினார். பையன் இரண்டு சர்க்கரைப் பொட்டலங்களைக் கொடுத்தான். நுரைக்கு மேல் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கத் தெரியாமல் அவர் அதை மகனிடம் கொடுத்துவிட்டுப் பழைய தேநீர்க் கவுண்டரைத் தேடிப் போனார். அது தனியுரிமை விதியின்படி பூட்டிக் கிடந்தது.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் புளிசாதப் பாத்திரத்தைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில், உள்ளே இருக்கும் ஒரே காபியும் அந்த விலை என்றால் பார்வையாளருக்குப் போக்கிடம் இல்லை. திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. அது திரையரங்கு வழக்கு என்றாலும், பூங்காக்களும் அந்த அளவுக்காவது இறங்கி வருவது நல்லது. தனியுரிமை கொடுத்தே தீர வேண்டுமென்றால், எஸ்பிரெசோ வகைப் பானங்களுக்கு மட்டும் கொடுத்து, தேநீர், ஃபில்டர் காபி, சுக்குக் காபி ஆகியவற்றை விதிக்கு வெளியே வைக்க வேண்டும். பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாதபடி அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்.

வாடகைக் கணக்கில் நிகழும் தவறுகள் சுருக்கமானவை, ஆனால் செலவு மிக்கவை. உணவக விற்பனைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வணிக இட வாடகைக்கோ 18 சதவீதம். ஒரு லட்சம் வாடகை என்றால் கடைக்காரர் கட்டும் 18,000 ரூபாய் வரி திரும்பி வராது, அவர் அதைக் கோப்பையின் விலையில்தான் ஏற்றுவார். நுழைவுச் சீட்டோடு காபியையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்பதும் ஆபத்து. கலவை வழங்கல் என்று வரித்துறை அதைக் கருதினால், சேர்ந்தவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே மொத்தத்துக்கும் பொருந்தும். நிலையான மாத வாடகையும் இந்த எல்லைப் பகுதிக்கு ஒத்துவராது. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் பூங்கா ஈயோட்டுகிறது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் இடம் கொள்ளாமல் நிரம்புகிறது. கேரளத்தில் ஹர்த்தால் எனப்படும் முழு அடைப்பு என்றால் தமிழ்நாட்டு வண்டிகள் வாளையாரோடு நின்றுவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னதை நம்பி நூறு லிட்டர் பால் வாங்கி வைக்க முடியாது. குறைந்தபட்சத் தொகையைத் தாழ்வாக வைத்து, அதற்கு மேல் விற்பனையில் பங்கு என்பதே இரு தரப்புக்கும் தாங்கும் ஏற்பாடு.

தண்ணீரைப் பற்றி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. பிளாச்சிமடையில் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக எதிர்ப்புக் கிளம்பிய குளிர்பான ஆலை 2004இல் மூடப்பட்டதைப் பார்த்த பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் நிலத்தடி நீரை அலட்சியம் செய்ய யாருக்கும் துணிவு வராது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் போர்வெல் நீரை நேராக எந்திரத்துக்கு இணைத்ததைக் கண்டேன். கடின நீர் கொதிகலனில் சூடாகும்போது சுண்ணாம்பு வெள்ளைப் படிவாக ஒட்டி, நீராவிக் குழாயை அடைத்துவிடும். சரி என்று ஆர்ஓ நீரை மட்டும் கொடுத்தால் காபி சப்பென்று இருக்கும். தாது உப்பே இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால், கொதிகலனின் நீர்மட்டத்தை அறியும் கம்பியும் ஏமாந்துபோகும். இரண்டையும் கலந்து, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 150 அளவுக்குக் கொண்டுவருவது வழக்கம். குளங்களுக்குக் குளோரின் போட்ட நீர் அதே குழாயில் வருமானால், கரி வடிகட்டி இல்லாமல் அந்த வாடை கோப்பை வரை வரும்.

கோப்பையும் அப்படித்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது; கேரளத்தின் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை 2020இல் வந்தது. தலைமைக் கிடங்கிலிருந்து வரும் பெட்டியைப் பிரிக்காமல் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அனுப்பும் நிறுவனம் அபராதம் கட்டிய பிறகுதான் விழித்துக்கொள்கிறது. விலங்குகளின் நலனுக்காக டிஸ்னியின் அனிமல் கிங்டமில் பிளாஸ்டிக் மூடியும் உறிஞ்சுகுழலும் கொடுப்பதில்லை. பிராண்டுகள் பணியக்கூடியவை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. அதற்காகப் பீங்கான் கோப்பைக்குத் தாவிவிடக் கூடாது. வெறுங்காலோடு நடப்பவர்கள் உள்ள இடத்தில் உடைந்த பீங்கான் துண்டு எதுவுமே இருக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளரும், அதைத் திருப்பி வாங்க ஒரு மேசையும், கொதிநீரில் கழுவ ஓர் ஆளும் போதும்.

திறப்பு விழாவை ஓண வாரத்தில் வைப்பது கடைசித் தவறு. புதிதாகப் பழகிய பையன்கள், சோதிக்காத மென்பொருள், ஆண்டிலேயே பெரிய கூட்டம் என மூன்றும் ஒரே நாளில் சேரும். பள்ளி திறந்த ஜூலை மாதத்தின் ஒரு மந்தமான வாரத்தில் பூங்கா ஊழியர்களுக்குக் கூப்பன் கொடுத்துத் தொடங்கி, பின் வரும் ஞாயிறுகளில் வேவ் பூல் மூடும் நேரத்துக்கு ஒருவரைக் கடிகாரத்தோடு வரிசையின் வாலில் நிற்க வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் இரண்டாவது ஜன்னலைத் திறந்தாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள். மறுக்கும் நிறுவனத்தோடு வாடகை பேச உட்காரவே வேண்டியதில்லை.