ஏலகிரிக்குப் பதிலாக ஜவ்வாது மலை

சென்னையிலிருந்து மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்ட விரும்புவோர் பலரும் முதலில் நினைப்பது 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரியைத்தான். ஆனால் விடுமுறை நாட்களில் அங்கே கார்களுக்கு வழிவிட்டே பாதி நேரம் கழிந்துவிடும். அமைதியான சாலை வேண்டுமென்றால், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக, வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூரைக் கடந்து, ஜமுனாமரத்தூர் நோக்கிச் செல்லும் ஜவ்வாது மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முந்தைய நாளே வாணியம்பாடி சென்று தங்கி, விடியும் வேளையில் புறப்பட்டால் வெயிலுக்கு முன்பே ஏற்றத்தின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே, அதாவது மிதிப்பது கனமாவதற்குச் சற்று முன்னதாகவே, எளிய கியருக்கு மாறிவிட வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் சங்கிலி நழுவக்கூடும். இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறும் என்பதால், வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்திவிட வேண்டும். நெரிசல் இல்லாத சாலை என்றாலும் ஆடுமாடுகள் குறுக்கே வரும். அவை மணியோசைக்கு நகர்வதில்லை என்பது அனுபவம். வழியில் கடைகள் குறைவு என்பதால், ஆலங்காயத்திலேயே இரண்டு புட்டிகளிலும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.